குடோன் சட்டையும் மர ஸ்கேலும்

பாம்புக்கு அறிவு உண்டா என்று போன வருடம் யாராவது கேட்டிருந்தால் சிரித்திருப்பேன். இப்போது சிரிப்பு வருவதில்லை. அந்தச் சாயங்காலத்துக்குப் பிறகு என் கை இன்னும் நிதானத்துக்கு வரவில்லை. டீ டம்ளரைத் தூக்கினால் மேலே படிந்த ஏடு நடுங்குவது எனக்கே தெரிகிறது.

துறைமுகத்தை ஒட்டிய ஒரு பருப்பு குடோனில் நான் டாலி கிளார்க். கப்பலில் வந்த மூட்டைகள் லாரி ஏறும்போது எண்ணிச் சரிபார்த்து அனுப்புவது வேலை. வீடு ராயபுரத்தில் ஒரு சந்துக்குள். தரைத்தளத்தில் இரண்டு அறை, ஒரு சமையல்கட்டு, பின்னால் குழாயடி. மனைவி, நான், ஒரே மகள். சிறு வயதிலிருந்தே பயந்த சுபாவம் எனக்கு. காஸ் மூடியிருக்கிறதா என்று படுத்த பிறகும் எழுந்து போய்ப் பார்ப்பேன். மகள் திருவொற்றியூர் தாண்டி ஒரு கன்டெய்னர் யார்டில் கம்ப்யூட்டர் முன் உட்காரும் வேலை பார்க்கிறாள். அவள் ஸ்கூட்டர் வாசலில் வந்து நிற்கும் வரை, எண்ணூர் ரோட்டில் வரிசை கட்டி நிற்கும் லாரிகளை நினைத்துக்கொண்டு சந்து முனைக்கும் வீட்டுக்குமாக நடப்பேன்.

அப்படிப்பட்டவன் வீட்டுக்கு அவள் ஒரு நாள் பாம்போடு வந்தாள். கூடப் படித்த பெண் ஒருத்தி வேலை கிடைத்து வெளிநாடு போனபோது இவளிடம் விட்டுப் போனதாம். ஆப்பிரிக்கப் பாம்பு, மலைப்பாம்பு வகையில் சின்னது, விஷம் கிடையாது, பயந்தால் தலையை உள்ளே வைத்துப் பந்து மாதிரி சுருண்டுகொள்ளும், வெளிநாட்டு இனம் என்பதால் அரசாங்கத்தில் பதிவு செய்து வளர்க்கலாம், பதிவும் ஆகிவிட்டது. இதையெல்லாம் வாசற்படியில் நின்றபடியே ஒரே மூச்சில் சொல்லி முடித்தாள். மூச்சை நிறுத்தினால் நான் குறுக்கே பேசிவிடுவேன் என்று அவளுக்குத் தெரியும்.

என் மனைவி பாம்பைப் பார்த்தாள். பிறகு அலமாரி மேல் இருந்த மாதா சொரூபத்தைப் பார்த்தாள். மாதாவின் காலடியில் பச்சை நிறத்தில் ஒரு பாம்பு மிதிபட்டுக் கிடக்கும்.

"ஏற்கனவே ஒண்ணு கீது வூட்ல. பத்தாதா?" என்று மட்டும் கேட்டாள்.

அவளுடைய நிபந்தனை ஃப்ரீசர் பற்றியது. காசிமேட்டில் வாங்கிவந்து வைக்கும் மீனுக்குப் பக்கத்தில் பாம்புக்குப் போடும் எலி இருக்கக் கூடாது. மகள் கொளத்தூர் வளர்ப்புப் பிராணிக் கடையில் இருந்து செத்த வெள்ளெலிகளை ஐஸ் வைத்துக் கொண்டுவந்து, டப்பாவுக்குள் டப்பாவாக மூடி, ஒரு மூலையில் வைத்துக்கொண்டாள். என் நிபந்தனை ஒன்றுதான். ஒரு தடவை அது வெளியே வந்தால், அன்றோடு வீட்டை விட்டும் போய்விட வேண்டும். பக்கத்து வீட்டுக்காரர் மகள் அப்போது பிரசவத்துக்கு வந்திருந்தாள். எங்களுக்கும் அவர்களுக்கும் நடுவில் ஒரே சுவர். மகள் சரியென்று தலையாட்டினாள்.

முன்னறையில் ஜன்னலுக்கு எதிர் மூலையில் அதன் பெட்டி. கண்ணாடி மாதிரி பிளாஸ்டிக், மேலே மூடி, நான்கு பக்கமும் கிளிப்.

மகளிடம் அது சாதுவாக இருந்தது. அவள் கழுத்தில் மாலையாகக் கிடந்தபடி டி.வி. பார்க்கும். மனைவி கூட ஒரு விரலால் தடவிப் பார்த்து, "கூடையில வச்ச கத்திரிக்காய் மாதிரி வழவழன்னு கீது" என்று சொன்னாள். என்னிடம் மட்டும் வேறு மாதிரி. வேலை முடிந்து வந்து நான் பெட்டிப் பக்கம் போனாலே கழுத்தை வளைத்துப் பின்னுக்கு இழுத்துக்கொள்ளும். ஒரு நாள் மூடி திறந்திருந்த நேரம் கையை நீட்டினேன், பட்டென்று கவ்வி, உடனே விட்டுவிட்டது. ஊசி குத்தியது மாதிரி புள்ளி புள்ளியாக ரத்தம். வலியைவிட அவமானம்தான் அதிகம். வீட்டில் மூன்று பேர் இருக்க, என்னைத்தானே பிடிக்கவில்லை அதற்கு?

மகள் யோசித்தாள். மறுநாள் நான் வந்ததும் சட்டையைக் கழற்றச் சொன்னாள். குளித்துவிட்டு வரச் சொன்னாள். நான் குளித்து, பனியனோடு வந்து பெட்டி முன் நின்றேன். அது நாக்கை நீட்டி நீட்டிப் பார்த்தது, கழுத்தை வளைக்கவில்லை. பிறகு என் சட்டையை இடுக்கியில் பிடித்து உள்ளே இறக்கினாள். சட்டை மேல் பாய்ந்து, கவ்வி, சுற்றி இறுக்கிக்கொண்டது.

"உன் மேல கோவம் இல்லப்பா. உன் குடோன்ல எலி கீதுல்ல, நீ பெரிய எலி மாதிரி வாசனை அடிச்சிகினு வர" என்றாள். மனைவி சமையல்கட்டில் இருந்து சிரித்த சிரிப்பு பக்கத்து வீடு வரை கேட்டிருக்கும்.

உண்மைதான். பருப்பு குடோனில் பெருச்சாளிகள் எங்களைவிட சீனியர்கள். மூட்டை மேல் சாய்ந்து எழுதி எழுதி சட்டையில் அந்த நாற்றம் ஊறியிருக்கிறது. எங்கள் மூக்குக்குப் பழகிப்போனது அதன் நாக்குக்குத் தெரிந்திருக்கிறது. அது வாசனைதான், புத்தி இல்லை என்று நான் வாதாடினேன். அம்மா வறுக்கிற நெத்திலி வாசனைக்குத்தானே நீ ஞாயிற்றுக்கிழமை எழுந்திருக்கிறாய், உனக்குப் புத்தி இல்லையா என்று மகள் கேட்டாள்.

அதன் பிறகு அவள் அதற்கு ஒரு பாடம் ஆரம்பித்தாள். பள்ளிக்கூடத்தில் வைத்திருந்த மர ஸ்கேல் ஒன்று வீட்டில் கிடந்தது, முனையில் அவள் பல்லால் கடித்த தடத்தோடு. மூடியைத் திறந்ததும் ஸ்கேலால் அதன் முதுகில் மெல்லத் தொடுவாள். தொட்டால் இன்று சாப்பாடு இல்லை, கைதான் வரப்போகிறது என்று அர்த்தம். ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலில் பூசை முடிந்து வந்து சாப்பாடு போடும்போது மட்டும் ஸ்கேல் கிடையாது. சில வாரங்களில் அது கற்றுக்கொண்டது. ஸ்கேல் பட்டதும், வளைந்திருந்த கழுத்து கயிற்றை விட்டது போலத் தளர்ந்து கீழே இறங்கும். குளிக்காமல், எலி நாற்றத்தோடு, பயந்து பயந்து நானே ஒரு தடவை ஸ்கேலால் தொட்டுப் பார்த்தேன். கழுத்து இறங்கியது. கை நீட்டினேன். நாக்கு என் மணிக்கட்டில் பட்டும் படாமலும் ஓடியது. அவ்வளவுதான்.

அன்றிலிருந்து எனக்குத் தெரியாமலே அதைக் கவனிக்க ஆரம்பித்துவிட்டேன். வந்த புதிதில் தெருமுனையில் கன்டெய்னர் லாரி போய்த் தரை அதிரும்போதெல்லாம் பந்தாகச் சுருண்டுகொள்ளும். பிறகு லாரிக்குச் சுருளுவதை விட்டுவிட்டது, ஆனால் புது ஆள் யாராவது பக்கத்தில் நடந்தால் சுருண்டது. லாரியால் தனக்கு ஒன்றும் ஆகாது என்று முடிவு கட்டிவிட்டது போலிருக்கிறது. இந்த வீட்டுக்குக் குடிவந்து எனக்கு அந்த முடிவு வர வருடங்கள் ஆயின. இன்னொன்று, ஒரு தடவை ஒரு மூலையில் கிளிப் சரியாக விழாமல் மூடி லேசாகத் தூக்கியிருந்தது. மகள் உடனே பார்த்து அழுத்திவிட்டாள். அதற்குப் பிறகு அது விளக்கு வைக்கும் நேரத்தில் கண் விழித்ததும் முதலில் அந்த மூலைக்குப் போய்த்தான் மூக்கால் முட்டிப் பார்க்கும். மற்ற மூன்று மூலையும் அப்புறம்தான். இதை மகளிடம் பெருமையாகச் சொன்னேன். சொன்னபோதே பயமாகவும் இருந்தது.

அக்டோபர் ஜெபமாலை மாதம். கோயிலில் இருந்து மாதா சொரூபம் எங்கள் பகுதியில் வீடு வீடாக வரும். ஒரு சாயங்காலம் ஒரு வீட்டுக்கு மெழுகுவர்த்தியோடு அழைத்து வருவார்கள், தெருவே வந்து தரையில் உட்கார்ந்து ஜெபமாலை சொல்லும், பிறகு சுண்டலும் டீயும். மறுநாள் சாயங்காலம் அடுத்த வீட்டுக்காரர்கள் வந்து எடுக்கும் வரை மாதா அந்த வீட்டில்தான் தங்குவார். அதுவரை சொரூபத்தை வைத்த இடத்தில் இருந்து யாரும் அசைக்க மாட்டார்கள்.

எங்கள் முறை சனிக்கிழமை வந்தது. மனைவி மத்தியானமே வீட்டைக் கழுவிவிட்டாள். மேசையைச் சுவரோரம் போட்டு நீலத் துணி தரை வரை தொங்கும்படி விரித்தாள். மாதா வரும் அறையில் உயிரோடு ஒரு பாம்பு இருப்பது அவளுக்குச் சரியாகப் படவில்லை. மகள் வேலைக்குப் போயிருந்தாள். மேசை போடும் முன்பே பெட்டியை மனைவியே தூக்கிப் பின்னால் குழாயடியில் வைத்து, மேலே ஒரு போர்வையைப் போட்டு மூடினாள். தூக்கும்போது தண்ணீர்க் கிண்ணம் சிந்தும் என்று மூடியைத் திறந்து கிண்ணத்தை எடுத்து, மறுபடி மூடினாள். மூன்று கிளிப் விழுந்தது. அந்த நாலாவது மூலை, சத்தம் வரும் வரை அழுத்தினால்தான் விழும். அது அவளுக்குத் தெரியாது.

ஆறு மணிக்கு மாதா வந்தார். அறை நிறைய ஆட்கள். குழந்தைகளை முன் வரிசையில், மேசைக்கு ஒட்டினாற்போல் உட்கார வைத்தார்கள். பக்கத்து வீட்டுப் பெண்ணும் கைக்குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு முன்னால் உட்கார்ந்தாள். ஜெபமாலை முடிந்து டீ கொடுக்கும்போது நான் டம்ளர் எடுக்கக் குழாயடிக்குப் போனேன். போர்வை ஒரு பக்கம் சரிந்திருந்தது. அந்த மூலையில் மூடி இரண்டு மூன்று விரல் நுழையும் அளவுக்குத் தூக்கியிருந்தது. உள்ளே ஒன்றும் இல்லை.

என் கையில் இருந்த டம்ளர் விழுந்த சத்தத்தில் பக்கத்து வீட்டுக்காரர் எட்டிப் பார்த்தார். காசிமேட்டில் விசைப்படகு ஓட்டுபவர், என் வயதுதான். பெட்டியைப் பார்த்தார், என் முகத்தைப் பார்த்தார். கேட்க வேண்டிய அவசியம் இருக்கவில்லை. அறைக்குள் திரும்பி, பேத்தியைத் தூக்கிக்கொண்டு வெளியே போகும்படி மகளிடம் சொன்னார். அதற்குள் விஷயம் எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. ஆட்கள் வாசலுக்குப் பாய்ந்தார்கள். வயதான ஒரு அம்மா மட்டும் சுண்டல் கிண்ணத்தை விடாமல், "மாதா வந்தாங்க, பாம்பு ஓடிப்போச்சி, இதுக்கு இன்னாத்துக்கு அழுவுறீங்க" என்று சந்தோஷமாகச் சொல்லிக்கொண்டே போனார்.

பக்கத்து வீட்டுக்காரர் வீட்டுக்குப் போய் ஒரு இரும்புக் குழாயோடு திரும்பினார். அவர் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. என் பேத்தியாக இருந்தால் நானும் அதைத்தான் செய்திருப்பேன்.

மகளுக்கு போன் போட்டேன். எண்ணூர் ரோட்டில் லாரிகளுக்கு நடுவே மாட்டியிருந்தாள். பின்னால் ஒரே ஹாரன் சத்தம். வண்டியை ஓரம் கட்டச் சொல்லிவிட்டு விஷயத்தைச் சொன்னேன்.

"அதோட மூலையில பாத்தியா?" என்றாள்.

"பெட்டிதான் அங்க இல்லியே. அங்க மாதா கீறாங்க."

"அங்கதாம்பா இருக்கும். பாரு."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. மனைவி பெட்டியை எடுத்துக் காலியான அதே மூலையில்தான் மேசையைப் போட்டிருந்தாள். மண்டியிட்டு நீலத் துணியின் ஓரத்தை ஒரு விரலால் தூக்கினேன். மேசைக் கால்களுக்கு நடுவே ஒரு குறுக்குக் கட்டை. அதைச் சுற்றி இரண்டு மடிப்பாக இறுக்கிக்கொண்டு அது உட்கார்ந்திருந்தது. மத்தியானமே வந்திருக்க வேண்டும். குழாயடியில் இருந்து சமையல்கட்டைத் தாண்டி, சுவரோரமாகவே தன் இடத்துக்கு வந்து சேர்ந்திருக்கிறது. ஜெபமாலை முழுவதும், அந்தக் கைக்குழந்தையின் காலுக்கு ஒரு முழத் தூரத்தில் அங்கேதான் இருந்திருக்கிறது. என் கை நடுங்க ஆரம்பித்தது அந்த நிமிடத்தில்தான்.

பக்கத்து வீட்டுக்காரர் குழாயை ஓங்க இடமில்லை. மேலே மாதா, சுற்றிலும் மெழுகுவர்த்தி. "மாதாவ அப்பால எடு மாமு, நான் ஒரே போடு போட்டுட்றேன்" என்றார். ஜெபமாலை சொல்லிக்கொடுக்கும் அம்மா அப்போதும் வெளியே போகவில்லை. காலையில் மீன் மார்க்கெட்டில் உட்காருபவர், குரலுக்கு மைக் வேண்டாம்.

"மாதாவ தூக்கிட்டு, மாதா வச்ச எடத்துல ரத்தம் பண்ணுவியா நீ? நாளைக்கி சாய்ந்தரம் வரிக்கும் மாதா அங்கதான். கையால எடுக்கட்டும். வளத்தவன் அவந்தான?"

வளர்த்தது நான் இல்லைதான். ஆனாலும் போனை மறுபடி காதில் வைத்தேன்.

மகள் இன்னும் போனில்தான் இருந்தாள். கட்டையில் இருந்து இழுக்கக் கூடாது, இழுத்தால் எலும்பு போகும், மேசையும் சாயும், தானாகத்தான் வர வேண்டும் என்றாள். எல்லோரையும் வெளியே அனுப்பு, ஃபேனை நிறுத்து, நடக்காதே. அது எப்படித் தானாக வரும் என்று கேட்டேன். நாளைக்கு ஞாயிற்றுக்கிழமை, அதற்குப் பசி என்றாள். நானும் மகளும் ஒரே நேரத்தில் என் சட்டையை நினைத்தோம் போலிருக்கிறது. மனைவி ஏற்கனவே என் குடோன் சட்டையோடு நின்றிருந்தாள். மறு கையில் ஸ்கேல்.

அறையில் நானும் பக்கத்து வீட்டுக்காரரும் மட்டும். அவர் போகவில்லை, குழாயைக் கீழே வைக்கவும் இல்லை. சட்டையைத் துணி ஓரத்தில் விரித்துவிட்டு நான் பக்கத்தில் உட்கார்ந்தேன். ஃபேன் இல்லாமல் வியர்த்துக் கொட்டியது. தெருமுனையில் ஒரு லாரி போனது, மெழுகுவர்த்திச் சுடர்கள் ஆடின. வெகுநேரம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு நீலத் துணியின் அடியில் இருந்து நாக்கு வந்தது. பிறகு தலை. சட்டையின் காலரை, கைமடிப்பை, பாக்கெட்டை நாக்கால் தடவித் தடவி முழு உடம்பும் வெளியே வந்தது. சட்டை நடுவில் நின்று, கழுத்தை வளைத்து, பின்னுக்கு இழுத்தது. அது பாயத் தயாராகும் நிலை. எதிரே என் முழங்கால். எனக்குப் பின்னால் குழாய் தரையில் இருந்து மேலே எழும் சத்தம் கேட்டது.

ஸ்கேலை நீட்டினேன். கை நடுங்கியதில் அது ஒரு தொடுதலாக விழவில்லை, நாலைந்து தட்டாக விழுந்தது. பாம்பு அசையவில்லை. கழுத்து வளைந்தபடியே, நாக்கு மட்டும் போய் வந்தது. சட்டை சாப்பாடு என்கிறது, ஸ்கேல் இல்லை என்கிறது. ஸ்கேலும் எப்போதும் போல் சொல்லவில்லை, திக்கித் திக்கிச் சொல்கிறது. அது யோசித்தது என்று நான் எழுதினால் மகள் கூட ஒத்துக்கொள்ள மாட்டாள். நான் பார்த்ததைத்தான் சொல்கிறேன். மூச்சைப் பிடித்துக்கொண்டு இன்னொரு முறை, ஒரே முறை, முதுகில் தொட்டேன்.

கழுத்து தளர்ந்தது. தலை இறங்கி என் சட்டைக் காலரின் மேல் படுத்தது.

இரண்டு கையாலும் அள்ளினேன். கனமாக, சில்லென்று இருந்தது. என் முன்கையைச் சுற்றி மெல்ல இறுக்கியது, விழாமல் இருக்கக் குழந்தை பிடித்துக்கொள்வது போல. பக்கத்து வீட்டுக்காரர் குழாயைச் சுவரில் சாய்த்து வைத்தார்.

"மாமு, அது உன்ன கண்டுக்கினுச்சா, ஸ்கேல கண்டுக்கினுச்சா?" என்று கேட்டார்.

தெரியவில்லை என்றேன். அவர் குழாயடி வரை கூட வந்து, பெட்டியில் விட்டதும், நான்கு கிளிப்பையும் அவரே அழுத்தினார். நாலாவது மூலையில் சத்தம் வந்ததா என்று இரண்டு தடவை அழுத்திப் பார்த்தார்.

மகள் வந்து சேர்ந்தபோது தெரு அடங்கியிருந்தது. ஹெல்மெட்டைக் கழற்றாமல் நேராகப் பெட்டிக்குப் போனாள். வெளியே எடுத்து, விரலால் தலையில் இருந்து வால் வரை தடவிப் பார்த்தாள். காயம் இல்லை. பிறகு எங்கள் பக்கம் திரும்பாமலே, நாளைக்கு ஒரு இடம் பார்க்கிறேன், பாம்பு வளர்க்கிறவர்கள் கேட்டிருக்கிறார்கள், கொடுத்துவிடுகிறேன் என்றாள். குரல் சாதாரணமாகத்தான் இருந்தது. நிபந்தனை போட்டவன் நான். மனைவி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"வெளிய எங்க போச்சி அது?" என்றேன். "அது எடத்துக்குத்தான வந்திச்சி."

மகள் ஹெல்மெட்டோடு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

மறுநாள் சாயங்காலம் மாதா அடுத்த வீட்டுக்குப் போனார். மேசையை எடுத்த மூலையில் பெட்டியை வைத்தோம். மூடி மேல் இப்போது ஒரு கனமான அம்மிக் குழவியும் இருக்கிறது, அது மனைவியின் ஏற்பாடு. பக்கத்து வீட்டுக்காரர் கடலுக்குப் போகாத நாட்களில் ஏதாவது காரணம் சொல்லிக்கொண்டு வந்து கிளிப்பை அழுத்திப் பார்க்கிறார். பேத்தியின் பெயரைச் சொல்லித்தான் வருகிறார், ஆனால் பார்த்துவிட்டு உடனே போவதில்லை. ஸ்கேலைக் கேட்டு வாங்கித் தானும் ஒரு நாள் தொட்டுப் பார்த்தார்.

நான் குளித்துவிட்டுத்தான் அதன் பக்கம் போகிறேன். கை இன்னும் நடுங்குகிறது. என் ஸ்கேல் ஒரு தடவையாக விழுவதே இல்லை. முதல் சில நாட்கள் அது கழுத்தை வளைத்தபடி காத்திருக்கும், நான் சரியாக ஒருமுறை தொடும் வரை. இப்போதெல்லாம் காத்திருப்பதில்லை. தடதடவென்று தட்டினாலே தலையை இறக்கிவிடுகிறது. மகள் தொட்டால் ஒரு தொடுதலுக்குத் தலை இறங்கும், நான் தட்டினால் நாலைந்து தட்டுக்கு.